புது பேட்டரி போட்டும் கார் ஸ்டார்ட் ஆகலையா? காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி லீக்கைத் தேடுங்க



2024 பிப்ரவரி, ஒரு காலை 5:45 மணி. அம்மாவுக்கு அன்னைக்கு கண்புரை ஆபரேஷன். ஆறரைக்குள்ள ஆஸ்பத்திரியில இருக்கணும். அம்மா பையை மடியில வச்சுக்கிட்டு முன் சீட்ல உட்கார்ந்துட்டாங்க. நான் சாவியைத் திருப்பினேன். "டக்... டக்... டக்." அவ்வளவுதான். மீட்டர் லைட் மங்கி அணைஞ்சு போச்சு.

ஆட்டோ பிடிச்சுப் போனோம். 380 ரூபாய். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம், ஆபரேஷனும் நல்லபடியா முடிஞ்சுது. ஆனா போற வழியில அம்மா ஒரு கேள்வி கேட்டாங்க: "அஞ்சு மாசம் முன்னாடிதானேப்பா புது பேட்டரி போட்ட? பழசு ஏன் போச்சுன்னு யாருமே பார்க்கலையா?"

பத்து வருஷமா மத்தவங்க கணக்கை ஆடிட் பண்றவன் நான். ஒரு கம்பெனியில பணம் குறைஞ்சா "எங்க போச்சு?"ன்னு கேக்கிறதுதான் என் வேலை. என் சொந்தக் காருக்கு அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. பேட்டரி செத்துச்சு, புதுசு வாங்கினேன். அவ்வளவுதான் பண்ணியிருந்தேன்.

பகல்ல ஆட்டோ கிடைச்சுது, சரி. ராத்திரி 2 மணிக்கு வீட்ல யாருக்காவது நெஞ்சுவலின்னா? மாசம் ஈஎம்ஐ கட்டி நாம கார் வச்சிருக்கிறதே அந்த மாதிரி ஒரு ராத்திரிக்காகவும்தானே?

அதனால இன்னைக்கு மியூச்சுவல் ஃபண்ட் இல்லை, டேக்ஸ் இல்லை. கார் பேட்டரி. ஆனா இதுவும் பணம் பத்தின பதிவுதான்.

முதல்ல பேங்க் ஸ்டேட்மென்ட்

அம்மா உள்ளே இருந்தப்போ, வெயிட்டிங் ஹால்ல உட்கார்ந்து என் யுபிஐ ஹிஸ்டரியைத் திறந்தேன். காருக்குச் செலவு பண்ண எல்லாத்தையும் தேதி வாரியா எழுதினேன்.

- 2021 நவம்பர்: காரோட வந்த பேட்டரி நாலு வருஷம் ஓடி முடிஞ்சுது. புதுசு, ரூ.4,900
- 2022 அக்டோபர்: தீபாவளி ஆஃபர்ல புது ஸ்டீரியோ, சீட்டுக்கு அடியில வைக்கிற சப்வூஃபர், ரூ.11,500
- 2022 டிசம்பர்: ஊருக்கு ரயில்ல போயிட்டு நாலு நாள் கழிச்சு வந்தா கார் ஸ்டார்ட் ஆகலை. ஜம்ப் ஸ்டார்ட், ரூ.500
- 2023 மார்ச்: மறுபடி ஜம்ப் ஸ்டார்ட் ரூ.500, கடையில பேட்டரி சார்ஜ் ரூ.300
- 2023 ஜூன்: ஆல்டர்னேட்டர் செக்கப், ரூ.800
- 2023 செப்டம்பர்: டேக்ஸ் ஆடிட் சீசன். ஆறு நாள் காரைத் தொடவே இல்லை. பேட்டரி காலி. மறுபடி புதுசு, ரூ.5,200
- 2024 பிப்ரவரி: மூணு நாள் வீட்ல இருந்து வேலை. நாலாம் நாள் காலை ஆட்டோ, ரூ.380

முதல் பேட்டரியை விட்டுடுங்க. நாலு வருஷம் ஓடினா அது தன் ஆயுசை முடிச்சுக்கிச்சு, அதுல குறை சொல்ல ஒண்ணுமில்லை. அதுக்கு அப்புறம் பாருங்க. 2022 அக்டோபர் வரைக்கும் ஒரு பிரச்சனையும் இல்லை. ஸ்டீரியோ மாட்டின ரெண்டாவது மாசத்துல ஆரம்பிக்குது. கார் சில நாள் சும்மா நின்னா மட்டும்தான் வருது. ஸ்டீரியோ விலையை விட்டுட்டுக் கூட்டினா, அதுக்கப்புறம் போன பணம் ரூ.7,680.

பானெட்டைத் திறக்காமலேயே பாதி பதில் தேதியிலேயே இருந்துச்சு. ஒண்ணரை வருஷமா அதை வரிசையா எழுதிப் பார்க்காததுதான் என் தப்பு.

கார் நிக்கும்போது கரண்ட் எங்க போகுது?

கொஞ்சம் கணக்கு பார்க்கலாம், பயப்படாதீங்க.

பேட்டரியை ஒரு சேவிங்ஸ் அக்கவுன்ட்னு வச்சுக்கங்க. சின்ன காருக்கு வர்றது பெரும்பாலும் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. அதாவது 1 ஆம்பியர் வீதம் எடுத்தா சுமார் 35 மணி நேரம் தாங்கும்.

காரை லாக் பண்ணிட்டுப் போனாலும் உள்ளே சில பொருள் விழிச்சிருக்கும். கடிகாரம், அலாரம், ரிமோட் சாவியோட சிக்னலைக் கேக்கிற யூனிட். இதுக்கெல்லாம் சேர்த்து 0.02-லிருந்து 0.05 ஆம்பியர் வரை போறது சகஜம். 0.03 ஆம்பியர்னா ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-ஹவர். ஃபுல் சார்ஜ் பேட்டரி பாதி குறையவே மூணு வாரத்துக்கு மேல ஆகும்.

என் காரில் ஓடிக்கிட்டு இருந்தது 0.41 ஆம்பியர். கேக்க சின்ன நம்பர்தான். 24-ஆல பெருக்குங்க: ஒரு நாளைக்கு 9.84 ஆம்பியர்-ஹவர். மூணரை நாள்ல 35-ம் காலி. ரெண்டு நாள்லயே பாதி போயிடும், அப்பவே ஸ்டார்ட் ஆக முக்க ஆரம்பிக்கும்.

இதுல எனக்கே ஆச்சரியமா இருந்த ஒரு விஷயம். ஸ்டார்ட் பண்றதுலதான் பேட்டரி நிறைய தீருதுன்னு நினைச்சிருந்தேன். ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்குதுன்னே வைங்க, மூணு செகண்ட். மொத்தம் 0.125 ஆம்பியர்-ஹவர்தான். என் காரோட ஒரு நாள் லீக், 75 தடவைக்கு மேல ஸ்டார்ட் பண்றதுக்குச் சமம்! பெரிய செலவு கண்ணுக்குத் தெரியும். 24 மணி நேரமும் ஓடுற சின்னச் செலவு தெரியாது.

அப்போ ஏன் தினமும் மாட்டிக்கலை? ஆஃபீஸ் போற நாள்ல ராத்திரி போனதை, காலையில ஓட்டுறப்போ ஆல்டர்னேட்டர் திருப்பிப் போட்டுடும். சம்பளம் வந்துக்கிட்டே இருக்கிற வரைக்கும் சப்ஸ்கிரிப்ஷன் லீக் தெரியாது இல்லையா, அதே மாதிரி. கார் நாலு நாள் நின்னாதான் வெளிய வரும்.

இன்னொரு பாதிப்பும் இருக்கு. லெட்-ஆசிட் பேட்டரி அடிமட்டம் வரைக்கும் காலியாகி அப்படியே கிடந்தா, உள்ளே தகட்டுல லெட் சல்ஃபேட் கெட்டியாப் படிஞ்சுடும். அதுக்கப்புறம் சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு முழுசா திரும்பாது. கடையில "பேட்டரி வீக் சார், மாத்திடுங்க"ன்னு சொன்னது பொய் இல்லை. பேட்டரி நிஜமாவே வீக். ஆனா அது நோயோட விளைவு, காரணம் வேற இடத்துல இருந்துச்சு.

ஒரு கடையில "35-க்கு பதிலா 45 போடுங்க, பிரச்சனை வராது"ன்னாங்க. கணக்கு போடுங்க: 45-ஐ 9.84-ஆல வகுத்தா நாலரை நாள். ஆயிரக்கணக்குல கூடக் கொடுத்து, ஒரே ஒரு நாள் வாங்கியிருப்பேன். சம்பளம் ஏறினதும் லீக்கை அடைக்காம விட்டா மாசக் கடைசி எப்படி இருக்குமோ, அதேதான்.

நீங்களே டெஸ்ட் பண்றது எப்படி?

ரூ.650-க்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கினேன். கூட ஒரு 10 எம்எம் ஸ்பேனர். ஒரு ஞாயித்துக்கிழமை காலை போதும். பேட்டரியை முதல்ல ஃபுல் சார்ஜ் பண்ணிடுங்க.

ஒரு எச்சரிக்கை: ஹைப்ரிட், எலக்ட்ரிக் கார்ல இதை வீட்ல செய்யாதீங்க. மஞ்சள் நிற கனெக்டர் எதையும் தொடாதீங்க, அது பெரும்பாலும் ஏர்பேக் லைன்.

1. பேட்டரி நிலவரம். கார் சில மணி நேரம் நின்ன பிறகு மீட்டரை டிசி வோல்ட்ல வச்சு ரெண்டு டெர்மினல்லயும் தொடுங்க. 12.6 வோல்ட்னா ஃபுல். 12.4 சுமார் முக்கால். 12.2 பாதி. 12-க்குக் கீழே போனா ஏறக்குறைய காலி.

2. வரவு சரியா? எஞ்சினை ஓடவிட்டு மறுபடி பாருங்க. 13.8-லிருந்து 14.5 வோல்ட் வரை காட்டினா ஆல்டர்னேட்டர் வேலை செய்யுது. 12-லயே நின்னா சார்ஜே ஆகலைன்னு அர்த்தம், மெக்கானிக்கிட்ட போங்க. எனக்கு 14.2. வரவுல பிரச்சனை இல்லை, செலவுலதான்.

3. காரைத் தூங்க வைக்கத் தயார் பண்ணுங்க. எஞ்சினை நிறுத்துங்க. டிரைவர் கண்ணாடியை இறக்கி விடுங்க, தானா லாக் ஆனா வெளியில மாட்டிக்கக் கூடாது. கதவெல்லாம் சாத்துங்க. ரிமோட் சாவியை வீட்டுக்குள்ள வச்சுட்டு வாங்க.

4. மீட்டரை நடுவுல மாட்டுங்க. மீட்டரோட சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாத்துங்க, டயலை டிசி ஆம்பியருக்குத் திருப்புங்க. பேட்டரியோட நெகட்டிவ் கேபிளைக் கழட்டுங்க. மீட்டரோட ஒரு முனை பேட்டரி நெகட்டிவ்ல, இன்னொரு முனை கழட்டின கேபிள்ல. கரண்ட் இப்போ மீட்டர் வழியாதான் போகணும். இந்த நிலையில மீட்டர் முனையைப் பாசிட்டிவ்ல வைக்கவே கூடாது. காரை ஸ்டார்ட் பண்ணவும் கூடாது. பண்ணினா மீட்டர் ஃபியூஸ் போயிடும்.

5. காத்திருங்க. இதுலதான் நிறைய பேர் அவசரப்படுறாங்க. மாட்டின உடனே ரீடிங் அதிகமாதான் இருக்கும், காரோட கம்ப்யூட்டர் யூனிட் எல்லாம் விழிச்சிருக்கும். அரை மணி நேரத்துலிருந்து முக்கால் மணி நேரம் விடுங்க. டீ குடிச்சுட்டு வாங்க.

6. ரீடிங் பாருங்க. 0.05-க்குள்ள இருந்தா உங்க காரில் லீக் இல்லை, பேட்டரிக்கே வயசாகியிருக்கும். அதுக்கு மேல இருந்தா ஃபியூஸை ஒவ்வொண்ணா உருவிப் பாருங்க. எதை உருவும்போது ரீடிங் விழுதோ, லீக் அந்த லைன்ல. உருவுறதுக்கு முன்னாடி ஃபியூஸ் பாக்ஸை ஒரு போட்டோ எடுத்துக்கங்க. ஃபியூஸ் பாக்ஸுக்காகக் கதவைத் திறக்க வேண்டியிருந்தா, திறந்து, கதவோட லாக்கை ஸ்க்ரூ டிரைவரால அழுத்தி "மூடியிருக்கு"ன்னு காரை நம்ப வச்சு, மறுபடி காத்திருங்க.

என் காரில் என்ன ஆச்சு தெரியுமா? எல்லா ஃபியூஸையும் உருவியும் ரீடிங் பெருசா விழலை. அரை மணி நேரம் தலையைச் சொறிஞ்சேன். அப்புறம்தான் பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து தனியா ஒரு தடிமனான சிவப்பு வயர் உள்ளே போறதைப் பார்த்தேன். காரோட ஃபியூஸ் பாக்ஸுக்கே அது போகலை. நேரா சப்வூஃபருக்கு. அந்த வயர்லயே ஒரு தனி ஃபியூஸ். அதை உருவினேன். 0.41 சட்டுனு 0.03 ஆச்சு.

கம்பெனி புக்ஸ்ல வராத அக்கவுன்ட் மாதிரி!

சப்வூஃபருக்கு ரிமோட் வயர்னு ஒரு மெல்லிசான வயர் இருக்கும். கார் ஆன் ஆனா இதுவும் ஆன், ஆஃப் ஆனா ஆஃப். அதை சாவியோட அணையிற லைன்ல கொடுக்கணும். மாட்டினவங்க எப்பவும் கரண்ட் இருக்கிற லைன்ல கொடுத்துட்டாங்க. ஒண்ணரை வருஷமா அது அணையவே இல்லை. சீட்டுக்கு அடியில குனிஞ்சு பார்த்தேன், ஒரு குட்டி நீல லைட் எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. ஒரு நாள் ராத்திரி குனிஞ்சு பார்த்திருந்தா ஏழாயிரம் ரூபாய் மிச்சம்.

ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருபது நிமிஷத்துல வயரை மாத்திக் கொடுத்தார். ரூ.350. மீட்டரையும் சேர்த்து மொத்தம் ரூ.1,000.

உங்க காரில் வேற ஏதாவது இருக்கலாம். பார்க்கிங் மோட்ல ஓடுற டேஷ்கேம், வெளியில மாட்டின ஜிபிஎஸ் டிராக்கர், அணையாத டிக்கி லைட், சிக்கிக்கிட்ட ரிலே, பழுதான ஆல்டர்னேட்டர் டயோடு. முதல் சந்தேகம் எப்பவும் கடைசியா மாட்டின பொருள் மேல வைங்க.

நிஜமாவே பேட்டரி மாத்தணும்னா

- கழட்டும்போது நெகட்டிவ் முதல்ல, மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில. மாத்திச் செஞ்சா, பாசிட்டிவ்ல இருக்கிற ஸ்பேனர் கார் பாடியைத் தொட்டு ஷார்ட் ஆகிடும்.
- அதே அளவு, அதே டெர்மினல் பக்கம். சிக்னல்ல தானா எஞ்சின் அணையிற ஸ்டார்ட்-ஸ்டாப் கார்னா, அதுக்குன்னே தனி வகை பேட்டரி இருக்கு. விலை குறைவுன்னு சாதா பேட்டரி போடாதீங்க.
- தயாரிப்பு தேதி. பேட்டரி மேல கோடா இருக்கும், கடைக்காரரைப் படிச்சுச் சொல்லச் சொல்லுங்க. மாசக்கணக்குல கடையில கிடந்தது வேண்டாம்.
- பழசுக்கு என்ன விலை? பழசைக் கொடுத்தா எவ்வளவு, கொடுக்காம எவ்வளவுன்னு ரெண்டு விலையும் கேளுங்க. உள்ளே இருக்கிற ஈயத்துக்கு மதிப்பு இருக்கு. குப்பையில போடாதீங்க, 2022-ல வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள்படி அது மறுசுழற்சிக்குத்தான் போகணும்.
- ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22-லிருந்து கார் பேட்டரிக்கு 28 சதவீதம் இல்லை, 18 சதவீதம். பில்லுல பாருங்க. "பில் இல்லாம குறைச்சுத் தர்றேன்"னா வேண்டாம்னு சொல்லுங்க. ஏன்னு அடுத்து சொல்றேன்.

வாரண்டியும் இன்ஷூரன்ஸும்

2021-ல வாங்கின பேட்டரிக்கு 24 மாசம் இலவச மாற்று வாரண்டி. அது காலியானது 22-வது மாசம். எனக்கு பைசா செலவில்லாம புதுசு கேட்டுப் பார்க்க வாய்ப்பு இருந்துச்சு. ஆனா பில்லும் இல்லை, வாரண்டி கார்டும் இல்லை. பில் கொண்டு வராத கிளையன்ட்டைத் திட்டுற ஆள் நான்! வாங்கின அன்னைக்கே பில், கார்டு, பேட்டரி சீரியல் நம்பர் மூணையும் போட்டோ எடுத்து உங்க மெயிலுக்கே அனுப்பிடுங்க.

வாரண்டியில ரெண்டு பகுதி இருக்கும். முதல் பகுதி இலவச மாற்று. ரெண்டாவது பகுதி புரோ-ரேட்டா, அதாவது புதுசு வாங்கும்போது ஒரு தள்ளுபடி மட்டும். அந்தத் தள்ளுபடியைப் பெரும்பாலும் எம்ஆர்பியில கணக்குப் போடுவாங்க. கடையில சாதாரணமா கிடைக்கிற விலையோட ஒப்பிட்டா லாபம் ரொம்பக் குறைவா இருக்கலாம். அதனால "60 மாச வாரண்டி"ன்னு பார்த்தா, அதுல இலவசம் எத்தனை மாசம்னு மட்டும் கேளுங்க. வெறும் சார்ஜ் இறங்கின பேட்டரியைப் பொதுவா மாத்தித் தர மாட்டாங்க, சார்ஜ் போட்டுத் திருப்பிக் கொடுப்பாங்க.

மோட்டார் இன்ஷூரன்ஸ்? பேட்டரி தானா செத்தா வராது. தேய்மானமும் மின்கோளாறும் பாலிசியில விலக்கு. விபத்துல உடைஞ்சா வரும், ஆனா ஜீரோ டெப் ஆட்-ஆன் இல்லைன்னா 50 சதவீதம் கழிச்சுதான் தருவாங்க. ரோடுசைடு அசிஸ்டன்ஸ் ஆட்-ஆன் இருந்தா ஜம்ப் ஸ்டார்ட் பெரும்பாலும் அதுலயே அடக்கம். என் பாலிசியில அது இருந்துச்சு. படிக்காம ரெண்டு தடவை வெளியில ஐநூறு ஐநூறா கொடுத்தேன். உங்க பாலிசியை இன்னைக்கே எடுத்துப் பாருங்க, அந்த போன் நம்பரையும் சேவ் பண்ணி வைங்க.

கடைசியா

2023 செப்டம்பர்ல வாங்கினேனே, அம்மாவை ஏத்திக்கிட்டு ஸ்டார்ட் ஆகாத அதே பேட்டரி. லீக்கை அடைச்சு, மெதுவா சார்ஜ் போட்டு மாட்டினேன். ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னமும் அதுதான் ஓடுது. போன வருஷம் ஒன்பது நாள் நிறுத்திட்டு வந்து சாவியைத் திருப்பினேன், ஒரே தடவையில ஸ்டார்ட்.

கார் இல்லாதவங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. கடந்த ஆறு மாச பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுங்க. ஒரே விஷயத்துக்கு ரெண்டாவது தடவை காசு கொடுத்திருக்கீங்களா? அதே ரிப்பேர், அதே அபராதம், மறுபடி வாங்கின அதே பொருள். அதுக்குப் பக்கத்துல "முதல் தடவை ஏன் போச்சு?"ன்னு எழுதுங்க. பதில் எழுத முடியலைன்னா, மூணாவது தடவை காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி நிறுத்துங்க.

அம்மாவுக்கு இப்போ பார்வை நல்லா தெரியுது. காரில் ஏறினதும் முதல் வேலையா சீட்டுக்கு அடியில குனிஞ்சு, "லைட் அணைஞ்சிருக்காப்பா?"ன்னு பார்த்துட்டுதான் பெல்ட்டே போடுறாங்க.

மீட்டர் மாட்டுறதை நம்ம சேனல்ல வீடியோவா காட்டியிருக்கேன், முதல் தடவை செய்றவங்க அதைப் பார்த்துட்டு ஆரம்பிங்க. உங்க காரில் லீக் எங்க இருந்துச்சுன்னு கமென்ட்ல சொல்லுங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்.